மூலத் தாளை அழித்துத்தானே அனுப்பினேன்?

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு வாரியான சம்பளச் செலவை எக்செலில் பிவட் அட்டவணையாக்கி (தரவைத் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணை), மூலத் தாளை அழித்துவிட்டு, வெளி ஆலோசகர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் மொத்தத் தொகையில் இரட்டை கிளிக் செய்ததும் எல்லா ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சம்பளம் திறந்துவிட்டதாம். என் மீது நடவடிக்கை வருமா?

பதில்: பிவட் அட்டவணை போட்டதும் எக்செல் மூலத் தரவின் பிரதியொன்றைக் கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது. தாளை அழித்தாலும் அந்தப் பிரதி அழியாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதும் அதை நீக்காது.

இன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதுவே உங்களுக்கான சான்று. கோப்பை யார் திறந்தார், யாருக்கு அனுப்பினார், எங்கே சேமித்தார் என்று ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு, எல்லாப் பிரதியையும் அழித்ததற்கான உறுதியையும் நிறுவனம் வாங்க வேண்டும்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமையை முதலில் சுமத்துவது நிறுவனத்தின் மீது. தரவு மீறலைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிப்பது பற்றியது 23 ஆம் பிரிவு. சட்டம் வர்த்தமானி மூலம் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருவதால், கோப்பு போன திகதியில் எந்தப் பிரிவு அமுலில் இருந்தது என்பதை நிறுவனத்தின் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டும். அதிகாரசபையின் பணிப்புரையை மீறினால் தண்டப்பணம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். உங்களுக்கு வரக்கூடியது பெரும்பாலும் ஒழுக்காற்று விசாரணை. நியமனக் கடிதத்தின் இரகசியப் பிரிவை எடுத்து வாசியுங்கள். நீங்களாகவே முன்வந்து உடனே சொன்னது அங்கே பெரிதும் கைகொடுக்கும்.

இது சின்ன விஷயமல்ல. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துப் பொலிஸ் வெளியிட்ட விரிதாளொன்றில் மறைந்திருந்த தாளால் 9,483 பேரின் விபரம் வெளியானது. தண்டம் 7,50,000 பவுண்.

இனி அனுப்பும்போது அட்டவணையை நகலெடுத்து, புதிய கோப்பில் 'மதிப்புகள் மட்டும்' என ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால் பிரதியும் கூடவே போய்விடும். வரைபடத்தைப் படமாக ஒட்டுங்கள். வேர்டில் உட்பொதித்தால் முழுக் கோப்பும் அதற்குள் இருக்கும். பிறகு 'ஆவணத்தைப் பரிசோதி' வசதியை ஓட்டுங்கள். அது மறைந்த தாள், கருத்துரை, எழுதியவர் பெயரைக் காட்டி நீக்கும். பிவட் இருப்பதைச் சொல்லும், நீக்காது. கடைசியாகக் கோப்பின் நகலொன்றின் பெயரில் கடைசியில் வரும் '.xlsx' என்பதை '.zip' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'பிவட்கேஷ்' (pivotCache) என்ற கோப்புறை இருந்தால் அனுப்பாதீர்கள்.