32 யூரோ டிக்கெட்டுக்கு 250 யூரோ இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி:

பெர்லினில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். 2025 அக்டோபரில் மனைவி, ஐந்து வயது மகளோடு வெள்ளிக்கிழமை மாலை ரோம் போய் ஞாயிறு இரவு திரும்புவதாக ஏற்பாடு. மலிவு விமானம், ஆளுக்கு ஒரு வழிக்கு 32 யூரோ. போகும்போதே போர்டிங் கேட்டில், கைப்பெட்டி பெரியது என்று 60 யூரோ வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை பஸ் டிக்கெட் வாங்கியும் உள்ளே இருந்த மெஷினில் அதைப் பதிவு செய்யாததால் எனக்கும் மனைவிக்கும் அபராதம். கட்டி ரசீது வாங்கிவிட்டோம். அன்றைக்கே டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸில் மனைவியின் பர்ஸ் திருட்டுப் போனது. அதில் அவளுடைய ரெசிடென்ஸ் கார்டும் வங்கிக் கார்டும் இருந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கார்டை முடக்குவதற்குள் மூன்று கடைகளில் பின் நம்பர் இல்லாமலே தட்டி 126 யூரோவுக்கு வாங்கியிருக்கிறார்கள். ‘உங்கள் கவனக்குறைவு’ என்று வங்கி பணம் தர மறுக்கிறது.

ஞாயிறு இரவு 9.30 விமானம் ரத்து என்று 7.40-க்கு மெசேஜ் வந்தது. ஆப்பில் இரண்டே பட்டன்: புதன்கிழமை விமானம், அல்லது பணம் திரும்ப. பதற்றத்தில் பணம் திரும்ப என்பதை அமுக்கிவிட்டேன். 96 யூரோ வந்தது. அன்றிரவு ஓட்டலுக்கு 118 யூரோ, திங்கள் மதியம் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு 447 யூரோ செலவு. பணியாளர்களின் வேலை நேரம் முடிந்துவிட்டது, அது தவிர்க்க முடியாத காரணம் என்கிறது நிறுவனம். 60 யூரோ வவுச்சர் தருகிறார்களாம். 32 யூரோ கொடுத்தவன் இதற்கு மேல் என்ன கேட்க முடியும் என்கிறார்கள் நண்பர்கள். எல்லாம் தன்னால்தான் என்று மனைவி இன்னும் வருத்தப்படுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்த வவுச்சரை ஏற்காதீர்கள். ‘சரி’ என்று ஒரு கிளிக் கூட வேண்டாம். இந்த இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும், பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சராகத் தரலாம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் சம்மதம் இல்லாதவரை அந்த 60 யூரோவுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. இந்தத் தவறான எண்ணத்தால் எத்தனையோ பேர் தங்கள் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. அதில் இழப்பீட்டுத் தொகை டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை, தூரத்தைத்தான் பார்க்கிறது. 1500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. பெர்லினுக்கும் ரோமுக்கும் சுமார் 1200 கிலோமீட்டர்தான். எனவே ஆளுக்கு 250. உங்கள் மகளுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள், அவளுக்கும் 250 உண்டு. கட்டணமே இல்லாமல் மடியில் வரும் கைக்குழந்தைக்குத்தான் கிடையாது. ஆக மொத்தம் 750 யூரோ. நீங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பதும் இதில் ஒரு கேள்வியே இல்லை. ‘இழப்பீடு கோர மாட்டேன்’ என்று டிக்கெட் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது.

புறப்பாட்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு ரத்து என்று சொன்னது விமான நிறுவனத்தைக் காப்பாற்றாது. பதினான்கு நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் இந்தத் தொகை இல்லை. அதற்குள் சொன்னால், ஏறக்குறைய அதே நேரத்துக்கு மாற்று விமானம் தந்திருக்க வேண்டும். புதன்கிழமை என்பது அந்தக் கணக்கில் வராது.

அவர்களுக்கு மிச்சமிருப்பது ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்ற ஒரே வாதம். அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது அல்ல. கடும் வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை அதில் வரும். பணியாளர்களின் வேலை நேரம் முடிந்துபோவது அப்படிப்பட்டதல்ல. ஆட்களை ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் அன்றாட வேலை. சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைக்கூட ஐரோப்பிய நீதிமன்றம் அசாதாரணமாக ஏற்கவில்லை. 2023 மே மாதத்துத் தீர்ப்பு ஒன்று இன்னும் தெளிவானது. ஷ்டுட்கார்ட்டிலிருந்து லிஸ்பன் போக வேண்டிய அதிகாலை விமானம். துணை விமானி ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். அதிர்ச்சியில் மற்ற பணியாளர்களும் பறக்கும் நிலையில் இல்லை, விமானம் ரத்தானது. மனிதாபிமானமாகப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாத நிகழ்வு. அப்போதும் பயணிகளுக்கு இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம். பணியாளர் இல்லாமல் போவதைச் சமாளிப்பது நிறுவனத்தின் வழக்கமான செயல்பாட்டில் அடங்கும் என்பது அதன் காரணம். அந்தச் சூழ்நிலையே அசாதாரணம் அல்ல என்றால், வேலை நேரம் முடிந்தது என்பது எப்படி அசாதாரணமாகும்? ஆனால் ஒன்று: அந்த நேரம் ஏன் முடிந்தது என்று அவர்கள் விளக்கக்கூடும். முந்தைய பயணத்தில் புயலால் தாமதம் என்று சொன்னால், ஆதாரம் கேளுங்கள். வெறும் வாய்வார்த்தை போதாது.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். அந்தப் பட்டன்.

விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவது, முடிந்தவரை சீக்கிரம் மாற்று வழியில் போய்ச் சேருவது என்ற இரண்டில் ஒன்றைப் பயணி தேர்ந்தெடுக்கலாம். மாற்று வழியைத் தேர்ந்தெடுத்தால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, ஓட்டல், ஓட்டலுக்குப் போய்வரும் செலவு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பணத்தைத் திரும்பப் பெறுவதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பொறுப்பு பொதுவாக அதோடு முடிகிறது. இழப்பீட்டுத் தொகையான 750-ஐ இது பாதிக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஓட்டலுக்கும் புது டிக்கெட்டுக்கும் செலவழித்ததைக் கேட்கும்போது ‘நீங்கள்தானே பணத்தை வாங்கிக்கொண்டீர்கள்’ என்பார்கள்.

என் கருத்தில் உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. ‘முடிந்தவரை சீக்கிரம்’ என்பதற்கு ‘எங்கள் நிறுவனத்தின் அடுத்த விமானம்’ என்று பொருள் இல்லை. வேறு நிறுவனத்தின் விமானத்தில் இடம் இருந்தால் அதையும் தர வேண்டும் என்றே ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. திங்கள் மதியம் இடம் இருந்தது. நீங்களே அதில் வந்திருக்கிறீர்கள், இதைவிட ஆதாரம் வேண்டுமா? முறையான மாற்று வழியைக் காட்டாமல், ஐந்து வயதுக் குழந்தையோடு நிற்பவரிடம் ‘புதன் அல்லது பணம்’ என்று கேட்டது சட்டம் சொல்லும் தேர்வே ஆகாது. இப்படித் தேர்வைச் சரியாகத் தராத நிறுவனம், பயணி தானே வாங்கிய டிக்கெட்டின் விலை வித்தியாசத்தைத் தர வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல்களில் இருக்கிறது. எனவே 447-ல் திரும்பி வந்த 96-ஐக் கழித்து 351 யூரோ, ஓட்டலுக்கு 118 யூரோ, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். 750 கிடைப்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இந்த 469-க்கு அதே உறுதியைத் தர மாட்டேன், நீதிபதி அந்தப் பட்டனை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆப்பில் அந்த இரண்டு பட்டன்களும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதுதான் இந்த வழக்கில் உங்கள் உயிர்நாடி. பத்திரமாக வையுங்கள்.

எங்கே கேட்பது? நிறுவனத்துக்கு எழுத்து மூலம், பதினான்கு நாள் கெடு வைத்து, மூவரின் பெயரும் விமான எண்ணும் தொகையும் போட்டு அனுப்புங்கள். இரண்டு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் ஜெர்மனியின் பயணிகள் சமரச மையமான ‘ஷ்லிக்டுங்ஸ்ஷ்டெல்ல ரைஸ உன்ட் ஃபெர்கேர்’ அமைப்புக்கு ஆன்லைனில் புகார் செய்யலாம், பயணிக்குக் கட்டணம் இல்லை. நிறுவனம் அதில் உறுப்பினர் இல்லை என்றால் மத்திய நீதித்துறை அலுவலகத்தில் அதற்கென்றே ஒரு சமரசப் பிரிவு உண்டு. அதிலும் சரிவராவிட்டால் நீதிமன்றம். நிறுவனம் எந்த நாட்டில் பதிவானதாக இருந்தாலும், விமானம் புறப்படும் இடத்திலோ போய்ச் சேரும் இடத்திலோ நீங்கள் வழக்குப் போடலாம் என்று 2009-லேயே தீர்ப்பு இருக்கிறது. பெர்லின் விமான நிலையம் இருக்கும் பகுதிக்குக் கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுசன் ஊர் நீதிமன்றம். அங்கே இந்த அளவுத் தொகைக்கு வக்கீல் கட்டாயம் இல்லை. இழப்பீட்டை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் கம்பெனிகளிடம் இப்போதே போகாதீர்கள். வெற்றி பெற்றால் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஒரு கடிதத்தில் கிடைக்கக்கூடிய பணத்தை எதற்குப் பங்கு வைக்க வேண்டும்? ஜெர்மன் சட்டப்படி உங்களுக்கு 2028 டிசம்பர் 31 வரை காலம் இருக்கிறது, ஆனால் ஆறப்போடாதீர்கள்.

அடுத்து அந்த 126 யூரோ. இதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். திருடன் பின் நம்பரைப் போட்டுப் பணம் எடுத்திருந்தால் வழக்கு கடினமாகியிருக்கும். திருடிய கொஞ்ச நேரத்தில் சரியான பின் நம்பரோடு பணம் எடுக்கப்பட்டால், நம்பரைக் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார் என்றே முதல் பார்வையில் கருதலாம் என 2004-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயம் அதற்கு நேர்மாறானது. சின்னத் தொகைக்குப் பின் நம்பர் கேட்காமல் விடுவது வாடிக்கையாளர் வசதிக்காக வங்கியே எடுத்த முடிவு. பின் நம்பர் போன்ற வலுவான அடையாளச் சரிபார்ப்பைக் கேட்காத பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல, அவரே மோசடி செய்திருந்தால் ஒழிய. ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பின் 675வி பிரிவு நான்காம் உட்பிரிவு இதைத்தான் சொல்கிறது. வழக்கமாக வாடிக்கையாளர் மேல் விழக்கூடிய 50 யூரோகூட இங்கே விழாது. கவனக்குறைவா இல்லையா என்ற விவாதத்துக்குள்ளேயே போகாதீர்கள். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ரோம் போலீஸ் தந்த புகார் நகலை இணைத்து, முழுத் தொகையையும் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் வங்கிகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நெரிசலான பஸ்ஸில் தொழில்முறைத் திருடனிடம் பர்ஸைப் பறிகொடுத்தது உங்கள் மனைவியின் குற்றம் அல்ல. சட்டமும் அப்படிப் பார்க்கவில்லை.

ரெசிடென்ஸ் கார்டு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் அவசரம். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெர்லின் குடியேற்ற அலுவலகத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே தெரிவியுங்கள், புது கார்டுக்கும் விண்ணப்பியுங்கள். கார்டில் ஆன்லைன் அடையாளம் இயங்கிக்கொண்டிருந்தால் 116 116 என்ற எண்ணில் அதை முடக்குங்கள். கார்டு தொலைந்தாலும் தங்கும் உரிமை தொலைவதில்லை, அதில் பயம் வேண்டாம். ஆனால் புகார் கொடுத்த பிறகு பழைய கார்டு எப்படியோ தபாலில் வந்து சேர்ந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. திருட்டுப் போன ஆவணங்கள் ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் பதிவில் ஏறிவிடும். அதை நீட்டினால் எல்லையில் மணிக்கணக்கில் நிற்க வைப்பார்கள். பாஸ்போர்ட் உங்கள் பையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதுவும் போயிருந்தால், இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குப் போக மட்டுமே உதவும், பெர்லினுக்குத் திரும்ப அல்ல.

பஸ் அபராதத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. ரோமில் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் மெஷினில் பதிவு செய்தால்தான் டிக்கெட் செல்லுபடியாகும் 100 நிமிடம் தொடங்கும். பதிவு செய்யாத டிக்கெட்டை டிக்கெட் இல்லாததாகவே பார்க்கிறார்கள். ரசீதோடு கட்டியாகிவிட்டது, இனி மேல்முறையீட்டுக்குச் செலவழிக்கும் நேரம் வீண்.

பெட்டிக்குக் கொடுத்த 60 யூரோவில் அரைகுறை வாய்ப்பு இருக்கிறது. நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பைக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதன் அடிப்படையில் ஸ்பெயின் அரசு 2024-ல் ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு 179 மில்லியன் யூரோ அபராதம் போட்டது, நிறுவனங்கள் அதை எதிர்த்தன. ‘நியாயமான அளவு’ எது என்பதில்தான் சண்டையே. வீட்டில் பெட்டியைச் சக்கரம் கைப்பிடியோடு அளந்து படம் எடுங்கள். டிக்கெட்டில் இலவசம் என்று போட்ட அளவுக்குள் இருந்தால் அதே கடிதத்தில் இந்த 60-ஐயும் சேருங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் விட்டுவிடுங்கள். பலவீனமான ஒரு கோரிக்கை பலமானவற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாததற்குச் சம்பளப் பிடித்தம் உண்டா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் வேலைக்கு வந்து சேர்வது ஊழியரின் பொறுப்பு. விமானம் ரத்தானாலும் அந்த நாளுக்குச் சம்பளம் தர முதலாளிக்குக் கடமை இல்லை. ஒரு நாள் விடுப்பாகக் கணக்கு வைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.