ஆறு மைல்

கேள்வி: எனக்கு வயது 19. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. வரும் மே மாதம் இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து புறப்படும் மாட்டு வண்டித்தொடரில் கணவரும் நானும் மேற்குக் கடற்கரையிலுள்ள ஓரிகன் போகிறோம். புது வீட்டுக்கு என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிய வால்நட் மரப் பெட்டியை வண்டியில் ஏற்றலாமா? உள்ளே அவர் தைத்த ஒட்டுப்போர்வையும் இருக்கிறது. வழியில் உள்ள பழங்குடியினரை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஆறு மைல் தள்ளியிருக்கும் அம்மாவிடம் பயண விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. வழியிலிருக்கும் லாரமி கோட்டையிலிருந்து கடிதம் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.
— ஒரு வாசகி, மிசௌரி, மார்ச் 1852

பதில்: பெட்டியை ஏற்றாதே. வண்டி பத்தடி நீளம், நாலடி அகலம். ஆளுக்கு 200 பவுண்டு மாவும் 150 பவுண்டு உப்பிட்ட பன்றியிறைச்சியும் ஏற்றிய பிறகு உனக்கே அதில் இடம் இருக்காது, நடந்துதான் போவாய். வழியில் வரும் பிளாட் ஆற்றங்கரை நெடுக இரும்பு அடுப்பும் அலமாரியும் இறக்கிப் போட்டபடி கிடக்கின்றன. மாடு சோர்ந்துவிட்டால், யார் வீட்டுச் சீதனம் என்று எவரும் பார்ப்பதில்லை.

பழங்குடியினரா? அவர்கள் நிலத்துக்குள் நுழைகிறவள் நீ. தூக்கம் கெட வேண்டியது அவர்களுக்கு. நீ பயப்பட வேண்டியது காலராவுக்கு; குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. விறகில்லாத சமவெளியில் காட்டெருமை வறட்டிதான் எரிபொருள். முகம் சுளிக்காமல் பொறுக்கப் பழகிக்கொள்.

இதையெல்லாம் போய்வந்த எவரும் சொல்வார்கள். நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது உன் கடைசி வரியை. புது வீட்டுக்கு என்று பெட்டியைக் கேட்டபோது, எந்த ஊரில் வீடு என்று அம்மா கேட்டிருப்பாரே, என்ன சொன்னாய்? அவர் அதன் பித்தளைப் பிடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருப்பார். நீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

லாரமி போய்ச் சேர ஆறு வாரமாவது ஆகும். அந்தக் கடிதம் வருவதற்குள், உன் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதை அம்மா அடுத்த வீட்டார் வாயால் கேட்க வேண்டுமா?

சொல்ல வேண்டாம் என்றது கணவனா? அவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பெண் கேட்டு அந்த வாசலில் நின்றவன், பெண்ணைத் தூர தேசம் கூட்டிப் போகும்போதும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டும்.

1850-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி இப்போது போகிற தம்பதிக்கு ஓரிகனில் 320 ஏக்கர் கிடைக்கும். பாதி மனைவியின் பெயரிலேயே. நான்கு வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் உனக்குச் சொந்தம். நிலக்காரியாகப் போகிறவள் பெற்றவள் கண்ணில் படாமல் ஒளிகிறாய். அம்மா தடுப்பார் என்பதா உன் பயம்? அவர் தடுத்தாலும் நீ போகத்தான் போகிறாய். அவர் அழுவதைப் பார்க்காமல் தப்பிக்கப் பார்க்கிறாய், அவ்வளவுதான். அங்கே போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை. நீங்கள் இருவரும் முகம் பார்த்துக்கொள்வது இதுவே கடைசியாக இருக்கலாம். இரண்டாயிரம் மைல் நடக்கத் துணிந்தவளுக்கு இந்த ஆறு மைல் ஏன் இவ்வளவு தூரமாகிவிட்டது?

வரும் ஞாயிற்றுக்கிழமையே கணவனோடு போ. பெட்டியை எடுத்த இடத்திலேயே இறக்கி வை. அம்மா திட்டினால் நின்று கேட்டுக்கொள். இரவு அங்கேயே தங்கு. போர்வையை மட்டும் கேட்டு வாங்கி வா. மலைமேல் ஜூலையிலும் இரவில் குளிரும்.