முதல் முறையாக வீட்டை விற்கப் போகிறேன். விற்பதற்கு முன் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். ஒன்பது வருடம் குடியிருந்த வீடு, மாடியில் ஓர் அறை நீங்களே கட்டியது, பார்க்க வந்த மூன்று தரகர்களில் ஒருவர் மட்டும் மற்ற இருவரை விட நிறைய விலை சொல்கிறார், அவரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாடி அறை என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை, தரகரும் இல்லை. ஒரே ஒரு வீட்டை விற்றவள். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றை உங்கள் ஊரில் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாங்கள் பட்ட பாடு எந்த ஊரிலும் யாருக்கும் வரக்கூடியது.

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். மாமியாருக்குப் படி ஏற முடியாமல் போனபோது அவசரமாகக் கட்டியது. சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலமான கதவு, கைப்பிடி வைத்த குளியலறை, காலை வெயில் விழுகிற ஜன்னல். மூன்று வருடம் அவர் அங்கேதான் இருந்தார், அங்கேதான் காலமானார். வீட்டை விற்க முடிவு செய்தபோது என் கணவரும் நானும் விலை போட்டோம். பின்னறைக்கு மட்டும் பெரிய தொகை சேர்த்தோம். செலவழித்த பணம் ஒரு பங்குதான். மீதியை எதற்காகச் சேர்த்தோம் என்று அப்போது எங்களுக்கே தெரியவில்லை.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். நம் கையில் இருக்கும் பொருளுக்கு, அது நம் கையில் இருக்கிறது என்பதாலேயே அதிக மதிப்புப் போடுவோம். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதைப் பற்றி எழுதினார். 1990இல் அவரும் டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் வெளியிட்ட சோதனைகளில், சாதாரணக் காபிக் கோப்பை கையில் கிடைத்த மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்குகிறவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல் சுமார் இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படியென்றால், ஒருவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட அறைக்கு எவ்வளவு கேட்போம்?

நான்கு மாதம் வீடு அப்படியே கிடந்தது. முதல் மூன்று வாரம் வரிசையாக ஆட்கள் வந்தார்கள், பிறகு யாருமே வரவில்லை. புதிதாக விற்பனைக்கு வந்த வீட்டைத்தான் எல்லோரும் ஆர்வமாகப் பார்ப்பார்கள். அந்த வாரங்களைத் தப்பான விலையில் கழித்துவிட்டால், அப்புறம் விலையைக் குறைத்தாலும் 'ஏன் இத்தனை நாள் போகவில்லை, ஏதாவது கோளாறா' என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் இரண்டு தடவை குறைத்தோம்.

ஐந்தாம் மாதம் ஒருவர் ஒத்துக்கொண்டு முன்பணமும் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் நாங்கள் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். விற்ற பணம் உங்கள் கணக்கில் வந்து சேரும் வரை அது உங்கள் பணம் கிடையாது.

வாங்குபவர் கடன் கேட்ட வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். அளவு நாடாவோடு ஒவ்வோர் அறையாக அளந்துகொண்டே வந்தவர் பின்னறையில் நின்று கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அறை பிளானில் இல்லையேம்மா?" என்றார். இல்லைதான். கட்டும்போது நாங்கள் அனுமதி வாங்கவில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று மேஸ்திரியும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

வங்கி அந்த அறையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மதிப்பு குறைந்தது, அதனால் கடனும் குறைந்தது, மீதியைக் கையிலிருந்து போட அவரால் முடியவில்லை. விலகிக்கொண்டார். கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் அவர் எழுதி வாங்கியிருந்ததால் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அது நியாயம்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் எந்த அறைக்கு அதிக விலை வைத்தோமோ அந்த அறை காகிதத்தில் இல்லவே இல்லை. அன்றிரவு நான் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை.

பிறகு அபராதம் கட்டி, அறையை முறைப்படுத்தி வாங்கப் பத்து வாரம் ஆனது. எங்கள் அறை எல்லைச் சுவரிலிருந்து போதுமான தூரம் தள்ளி இருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் இடிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்து வாரமும் புது வீட்டுக்குத் தவணை, பழைய வீட்டுக்கும் தவணை.

"இதெல்லாம் கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். தெரிந்திருக்க வேண்டும்தான். வீட்டில் ஒரு நோயாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் கால் வைக்காத சொந்தக்காரர்கள், வீட்டை விற்றதும் ஃபோன் செய்து "இவ்வளவு மலிவாகவா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஒரு நாள் வந்து மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தினமும் யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம், தெரியும். விலை பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஃபோன் அழைப்புதான் ஞாபகம் வருகிறது.

சரி, தரகர் விஷயத்துக்கு வருகிறேன். அதிக விலை சொல்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். வீட்டைத் தன் கைக்கு வாங்குவதற்காக ஆசை காட்டிவிட்டு, பிறகு குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. சமீபத்தில் பக்கத்தில் எந்த வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று மூவரிடமும் கேளுங்கள். கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இருவர் சிகாகோ பகுதியில் நடந்த சுமார் ஒரு லட்சம் விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். விலை நூறு கூடினால் தரகர் கைக்கு வருவது ஓரிரண்டுதான். அதற்காக இன்னும் இரண்டு வாரம் அவர் ஏன் அலைய வேண்டும்? தரகர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்குக் கடைசியில் விற்றுக் கொடுத்தவர் நல்ல மனிதர். அவருடைய கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றில்லை என்பது தெரிந்திருந்தால் போதும்.

நீங்கள் வாங்கிய விலையையும் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். 1990களில் பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட அடுக்குமாடி வீடுகளை வைத்து ஜெனசோவ், மேயர் என்ற இருவர் செய்த ஆய்வு 2001இல் வந்தது. நஷ்டத்துக்கு விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதத்தைக் கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்கள். கிடைத்தது அதைவிட மிகக் குறைவு, விற்கவும் அதிக நாள் பிடித்தது. வாங்க வருபவருக்கு நீங்கள் என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் வீட்டை இரண்டாவதாக வாங்க வந்தவரிடம் நாங்கள் முதல் நாளே எல்லாவற்றையும் சொன்னோம். பின்னறைக்கு அனுமதி தாமதமாக வாங்கியது, மழைக்காலத்தில் ஒரு சுவரில் ஓதம் ஏறுவது, எல்லாம். அபராத ரசீதையும் காட்டினோம். எந்த மின்விசிறி, எந்த அலமாரி வீட்டோடு வரும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். முதலில் கேட்ட விலையை விட எட்டு சதவீதம் குறைவாகப் பேசி முடித்தார். அதன் பிறகு ஒரு காசு குறைக்கக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டின் மேல் கடன் இருந்தால், முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா, அசல் பத்திரம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். மாடி அறை கட்டிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பல நாடுகளில் லாபத்துக்கு வரி கணக்கிடும்போது அந்தச் செலவைக் கழிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தரகரைத் திரும்பக் கூப்பிடுவதற்கும் முன்னால், இந்த வாரமே வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓர் அளவு நாடாவோடு மாடிக்குப் போய் அந்த அறை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.