இரண்டு மீன் சேர்ந்தால் கூட்டமாகுமா?

கேள்வி: புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அன்றைக்கே நாலு நியான் டெட்ரா மீன் விட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு செத்துப்போயின, மீதி இரண்டும் ஃபில்டருக்குப் பின்னாலேயே பதுங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் நல்ல தெளிவாகத்தானே இருக்கிறது?

பதில்: தெளிவை நம்பாதீர்கள், மீனைக் கொல்கிற அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதுவும் சாப்பிட அம்மோனியா இருந்தால்தான், வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. கடையில் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை புது மீன் வேண்டாம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம் அந்த இரண்டு மீன். நியானுக்குத் துணை என்பது ஆடம்பரமில்லை. குறைந்தது 6 வேண்டும், 10 இருந்தால்தான் பயம் விட்டு நடுத்தொட்டிக்கு வந்து நீந்தும். அதற்கு 60 லிட்டர் தொட்டி, அடியில் கறுப்பு மணல், கொஞ்சம் அடர்த்தியான செடி. நீளமான தொட்டியாகப் பாருங்கள், மேசைமேல் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தை மீனுக்கென்று விற்பதே எனக்குப் பிடிப்பதில்லை. வெப்பநிலை 22 முதல் 26 டிகிரிக்குள் நிற்கட்டும்.

கேள்வி: வாராவாரம் தொட்டியைக் காலி செய்து ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறேன். இருந்தும் இரண்டே நாளில் தண்ணீர் கலங்கிவிடுகிறது.

பதில்: கழுவுவதால்தான் கலங்குகிறது! குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மேலே சொன்ன பாக்டீரியாவைக் கொன்றுவிடும், நீங்கள் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், ஸ்பாஞ்சை அப்படி எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிட்டு மாட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் என்றால் அது போகாது, குளோரின் நீக்கும் மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ராத்திரி லைட் போட்டால் நியான்கள் வெளுத்துத் தெரிகின்றன. நோயா?

பதில்: இல்லை. இருட்டில் அவற்றின் நிறம் மங்குவது இயல்பு, வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். பகலிலும் சிவப்புப் பட்டையில் வெள்ளைத் திட்டு, முதுகு வளைவு, கூட்டத்தை விட்டுத் தனியாக ஒதுங்குவது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் அது வேறு, நியான் டெட்ரா நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது. அந்த மீனை உடனே தனியாக எடுத்துவிடுங்கள். செத்த மீனைத் தொட்டியிலேயே விட்டால் மற்றவை கொத்தித் தின்னும், நோயும் அப்படித்தான் பரவுகிறது.

கேள்வி: ஏஞ்சல் மீனோடு சேர்த்து விடலாமா?

பதில்: குட்டி ஏஞ்சலாக இருக்கும்வரை சண்டை இருக்காது. வளர்ந்ததும் நியான் அதன் வாயில் நுழையும் அளவுதான். வேண்டாம்.