தூர்வாரிய பிறகும் ஏரி ஏன் நிரம்புவதில்லை?

தமிழ்நாட்டு ஏரிகள் பலவும் தொடர் ஏரிகள். மேல் ஏரி நிரம்பியதும் மிச்ச நீர், கரையில் அதற்கென்றே தாழ்வாகக் கட்டிய கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி மாதிரி: முன் இலைக்காரர் பிடித்துவைத்துக்கொண்டால் கடைசி இலைக்கு வராது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வரத்துக் கால்வாயை. சீமைக்கருவேலம், வீட்டுமனைக்குக் கொட்டிய மண், சாலைக்கடியில் சின்னக் குழாய்: ஏதாவது ஒன்று போதும், வரத்து நின்றுவிடும்.

அடுத்தது மேல் ஏரியின் கலங்கல். கூடுதலாகத் தேக்க அதன்மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். இதுதான் ஆபத்தான வேலை. பல நாள் மழை சில மணி நேரத்தில் கொட்டினால், வழிய இடமில்லாத நீர் மண்கரையின் மேலேறி அரித்து உடைக்கும். அந்த வெள்ளத்தில் கீழ் ஏரிகளின் கரைகளும் வரிசையாகப் போகும். அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, மேல் ஊரும் கீழ் ஊரும் சேர்ந்து கால்வாயை நடந்து பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆழமாகத் தோண்டினால் பாசனம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது, கரையை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும்.