டவரைக் கூப்பிட்டால் பில் வருமா?

அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டும் நம்மவர்கள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு தனியார் கைக்குப் போனால் என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணா, டவரோடு (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு) பேச இப்போது காசே கொடுப்பதில்லையே. ஓசியில்தானே பறக்கிறோம்?

ஓசி இல்லை தம்பி. எரிபொருள் போடும்போதே கொடுத்துவிடுகிறோம். சின்ன விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸில் கேலனுக்கு 19.4 சென்ட் மத்திய வரி. உங்கள் செஸ்னா 172 சின்ன விமானம் மணிக்கு 8 கேலன் குடித்தால் ஒன்றரை டாலர் சொச்சம். 1970-இல் தொடங்கிய விமானத்துறை நிதிக்கு அது போகிறது. விமான டிக்கெட்டில் பிடிக்கும் 7.5 சதவீத வரியும் அங்கேதான் சேர்கிறது. இதற்காகத் தனியாக பில் போடும் அலுவலகம் எதுவும் தேவைப்படவில்லை.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டை அரசிடமிருந்து பிரிக்க 2017-இல் வந்த மசோதா நம்மைக் கட்டணத்திலிருந்து விலக்கியதே. பிறகு ஏன் எதிர்ப்பு?

விலக்கியது உண்மை. காங்கிரஸ் உறுப்பினர் பில் ஷூஸ்டர் கொண்டுவந்தார், அதிபர் டிரம்ப் ஆதரித்தார், வானில் விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர்களின் சங்கம்கூட ஆதரித்தது. ஆனால் இன்றைக்குக் கொடுத்த விலக்கை நாளைக்கு எடுத்துவிடலாமே. 2018 பிப்ரவரியில் ஷூஸ்டரே முயற்சியைக் கைவிட்டார்.

கனடாவில் நன்றாகத்தானே நடக்கிறது?

நடக்கிறது, மறுக்கவில்லை. 1996-இல் நாவ் கனடா என்ற லாபநோக்கமற்ற நிறுவனம் 150 கோடி கனடிய டாலருக்கு அந்தச் சேவையை வாங்கியது. சின்ன விமானத்துக்கு ஆண்டுக்கொரு கட்டணம், பெரிய விமான நிலையங்களில் கூடுதலாகத் தினக் கட்டணம். இதுவரை தாங்கக்கூடியதுதான். ஆனால் 2020-இல் கொரோனாவால் பறப்பவர்கள் குறைந்ததும் கட்டணத்தைச் சராசரியாக 29.5 சதவீதம் ஏற்றினார்கள். வருமானம் போனால் மிச்சமிருப்பவர் தலையில்தான் விழும் என்பதை அப்போது பார்த்தோம்.

ஒரு அழைப்புக்கு ஐந்தோ பத்தோ டாலர். விமானம் வைத்திருப்பவருக்கு அது பெரிய தொகையா, சார்?

எனக்குத் தொகை கவலையில்லை, தயக்கம்தான் கவலை. லைசென்ஸ் வாங்கிய இரண்டாவது வருடம், தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மேகம் நான் நினைத்ததைவிட வேகமாகக் கீழே இறங்கியது. ரேடியோவில் கூப்பிட்டேன். அந்தக் கன்ட்ரோலர் திசை சொல்லிச் சொல்லி, பதினைந்து மைல் தள்ளியிருந்த ஓடுதளம் கண்ணில் படும்வரை கூடவே இருந்தார். அப்போது என் கை மைக் பட்டனை ஒரு நொடிகூட யோசிக்காமல் அழுத்தியது. பில் வரும் என்று தெரிந்திருந்தால் “இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்” என்று போயிருப்பேன். மேகத்துக்குள் சிக்குவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். பயிற்சி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். இறங்கி உடனே ஏறும் டச் அண்ட் கோ ஒவ்வொன்றுக்கும் காசு என்றால், பத்துமுறை பழக வேண்டியவர் நான்கோடு நிறுத்திவிடுவார். வானிலை விவரம் கேட்பதும் அப்படியே.

பணக்காரர்களின் ஜெட்கள் குறைவாகக் கட்டுகின்றன என்கிறார்களே?

அதில் நியாயம் இருக்கிறது. ஒரு தனியார் ஜெட்டும் பயணிகள் விமானமும் கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். 2011-இல் ஒபாமா அரசு ஒரு பறத்தலுக்கு 100 டாலர் கேட்டது, நம்முடையதைப் போன்ற பிஸ்டன் இன்ஜின் விமானங்களை விட்டுவிட்டது. காங்கிரஸ் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் ஜெட் எரிபொருள் வரியை ஏற்றட்டும். வழி ஏற்கெனவே இருக்கிறது.

விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியின் சிக்னலைப் பார்த்து இறங்கும் கட்டணம் அனுப்புகிறார்களாம். அணைத்து வைக்கலாமா?

கூடவே கூடாது. 2020 ஜனவரி முதல் குறிப்பிட்ட வான்பகுதிகளில் அது கட்டாயம். பொருத்தியிருந்தால் எங்கு பறந்தாலும் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. மோதலைத் தவிர்க்க வந்த கருவியை வசூலுக்குத் திருப்புவது எனக்கும் கோபம்தான். பில்லை எதிர்த்து விமான நிலையத்துக்கும் உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கும் எழுதுங்கள். சிக்னல் அணையாமல் இருக்கட்டும்.