சோலாரா, எண்ணெய் எரிவாயுவா? முதலில் ஒயர்மேன் கார்டு

கெடா, பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகன் எஸ்.பி.எம் முடித்துவிட்டான். கணிதத்தில் கிரெடிட், மற்றதெல்லாம் சுமார். சோலார்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். திரெங்கானுவின் எண்ணெய் நகரான கெர்த்தேயில் வேலை செய்யும் அவன் மாமாவோ, அரசாங்கமே பெட்ரோலுக்கு மானியம் கொடுக்குது, அமெரிக்க அதிபரே எண்ணெய் தோண்டச் சொல்றாரு, சோலாரெல்லாம் நாலு நாள் கூத்து என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

அம்மா, மாமா சொல்லும் செய்தி சரிதான். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் இடிக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு மட்டும் மானியப் பெட்ரோல் தரும் பூடி 95 திட்டம் வந்தபோதுகூட மானியம் நிற்கவில்லை, லிட்டர் 1.99 வெள்ளி என்றுதான் வைத்தார்கள். ஆனால் பெட்ரோல் மோட்டாருக்கும் காருக்கும் ஊற்றுவது. நம் வீட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் வருகிறது. சோலாருக்குப் போட்டி அவைதான். பெட்ரோல் மலிவு என்பதால் தொழிற்சாலை முதலாளியின் கரண்ட் பில் குறைவதில்லை.

அமெரிக்காவும் அப்படித்தான். 2025 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் உத்தரவு வந்தது. ஜூலையில் சூரிய, காற்று மின்சாரத்துக்கான வரிச் சலுகையை வெட்டினார்கள். ஆனாலும் அந்த நாட்டில் காற்றாலை மின்சாரத்தில் முதலிடம் எண்ணெய் மாநிலமான டெக்சாசுக்குத்தான். உலகக் கணக்கில், 2024இல் புதிதாகச் சேர்ந்த மின் உற்பத்தித் திறனில் 92.5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது, 585 கிகாவாட். 2010க்குப் பின் பத்தே ஆண்டில் சோலார் பலகை விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்ததே இதற்கு முக்கியக் காரணம். நம் நாடும் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் அறிவித்தது. 2050க்குள் நிறுவப்பட்ட மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது என்ற இலக்கும் இருக்கிறது.

அரசியல் உண்மையாகக் கடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பலகை செய்யும் தொழிற்சாலை. மலேசியா, வியட்நாம், தாய்லாந்து, கம்போடியாவிலிருந்து போகும் சிலிக்கான் செல்களுக்கு அமெரிக்கா 2025இல் கூடுதல் வரி போட்டது. ஏற்றுமதியை நம்பும் உற்பத்தி வரிசை வேலை வாஷிங்டனைப் பார்த்தே ஏறி இறங்கும். இரண்டு, நம் அரசின் திட்டங்கள். கூரை சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தைக் கரண்ட் பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்தது. அதற்கடுத்த சோலார் ஏடாப் திட்டம் 2026 ஜனவரியில்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆறு மாதத்தில், வீட்டுக் கூரையை மட்டும் நம்பிய சின்னக் கம்பெனியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தொழில் சாகவில்லை. ஆனால் "சோலார் மட்டும்" தெரிந்த பையனுக்கு அந்த ஆறு மாதம் பெரிய காலம்.

ஆகவே தம்பி படிக்க வேண்டியது மின்சாரம். சோலார் அதற்கு மேல் வருவது. அட்டெக் போன்ற அரசுப் பயிற்சிக் கழகங்களில் மின் பிரிவில் சேர்ந்து எஸ்.கே.எம் (மலேசியத் திறன் சான்றிதழ்) நிலை 2, 3 வரை போகட்டும். கூலிமிலும் ஜித்ராவிலும் அப்படிப்பட்ட கழகங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் தொழிற்பயிற்சிக்கான அரசு இணையத் தளமான யூ.பி.டிவெட் வழி. பிறகு வயரிங் வேலை செய்வோருக்கான எரிசக்தி ஆணையத்தின் ஒயர்மேன் தகுதி: ஒரு ஃபேஸுக்கு பி.டபிள்யூ 1, மூன்று ஃபேஸுக்கு பி.டபிள்யூ 3, சோதனை செய்யும் அனுமதியும் சேர்ந்தால் பி.டபிள்யூ 4. அதற்கப்பால் மின் நிறுவல்களை இயக்கிப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன் தகுதி, அதில் ஏ வகை தாழ் அழுத்தம், பி வகை உயர் அழுத்தம். நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடா நடத்தும் கூரை சோலார் பயிற்சி குறுகியது. ஒயர்மேன், சார்ஜ்மேன் தகுதிகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் அது எடுபடும். இதே கார்டுக்குக் கெர்த்தேயிலும் ஜொகூரின் பெங்கெராங் எண்ணெய் வளாகத்திலும் வேலை உண்டு என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எண்ணெய்க்கும் ஏற்ற இறக்கம் உண்டு: 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனதை அவரும் மறந்திருக்க மாட்டார்.

ஒயர்மேன் அடிப்படை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கூரை சோலாரில் ஆபத்து, பலகையிலிருந்து ஒரே திசையில் மின்சாரம் ஓடும் டி.சி. பக்கத்தில் இருக்கிறது. 550 வாட் பலகை ஒன்று சுமை இல்லாதபோது ஏறத்தாழ 50 வோல்ட் காட்டும். 16 பலகையை வரிசையாகக் கோத்தால் 800 வோல்ட். வெயில் இருக்கும்வரை பலகையை "அணைக்க" சுவிட்ச் கிடையாது. ஐசோலேட்டர் என்ற துண்டிப்புச் சுவிட்சைத் திருப்பினாலும் அதற்கு மேலே பலகைப் பக்கக் கம்பியில் அழுத்தம் நிற்கும். ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி அறுந்துவிடும். டி.சி.யில் அது அறாது, எரிந்துகொண்டே இருக்கும். தீப்பிடிப்பது பெரும்பாலும் இணைப்பில்தான்: பலகைக் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 செருகியில் ஒரு பிராண்டு ஆண் முனைக்கு வேறு பிராண்டு பெண் முனையைச் செருகுவது, கிரிம்பிங் கருவி இல்லாமல் குறடால் நசுக்குவது. அன்றைக்கு வேலை செய்யும். தொடர்பு சரியில்லாமல் மெல்லச் சூடேறி, பல மாதம் கழித்துக் கருகும். இடி அதிகமுள்ள நம் ஊரில் எர்த்திங்கும் சர்ஜ் தடுப்பானும் இல்லாமல் விட்டால் முதலில் போவது இன்வெர்ட்டர். கூரையில் துளை போட்ட இடத்தில் மழை ஒழுகுவது தனிக் கதை.

வேலை எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். கோல கெட்டிலில் 50 மெகாவாட், புக்கிட் செலாம்பாவில் 30 மெகாவாட் சோலார் பண்ணைகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி ஆசை வளர்க்க வேண்டாம். கட்டும்போதுதான் கூட்டம், கட்டி முடிந்தால் சில டெக்னீஷியன்களும் சார்ஜ்மேனும் புல் வெட்டுவோரும் காவலாளிகளும்தான். நிலையான வேலை சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைக் கூரைகளில், பொருத்துவதிலும் பராமரிப்பதிலும் இருக்கிறது. உச்சி வெயிலில் தகரக் கூரை, தூக்க வேண்டிய பலகை ஒன்று 27 கிலோவுக்கு மேல். உயரத்துக்குப் பயப்படும் பையன் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டத்திலேயே இன்னொரு வாசல் உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. செம்பனை மில்லில் ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும்; ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு. 2014 முதல் புதிய மில்களுக்கு இந்த வாயுவைப் பிடிக்கும் வசதி கட்டாயம். கேஸ் எஞ்சினும் கண்ட்ரோல் பேனலும் பார்க்க மின் தகுதியுள்ள ஆள் வேண்டும். எச்சரிக்கை ஒன்று: அதில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. 100 பி.பி.எம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துவிடும். வாடை நின்றதை வாயு போய்விட்டதாக எண்ணினால் உயிருக்கே ஆபத்து. கையில் டிடெக்டர் இல்லாமல் அருகில் போகச் சொல்லும் இடத்தில் வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு காரியம். கிளினிக்கில் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். கம்பி நிறம் பிரித்தறிய முடியாதவர்களை மின் பிரிவில் சேர்க்க மாட்டார்கள், பாதியில் தெரிந்தால் கட்டணம் வீண். தனியார் கல்லூரி என்றால் எஸ்.கே.எம் நடத்தத் திறன் மேம்பாட்டுத் துறையின் (ஜே.பி.கே) அங்கீகாரம் எந்த நிலைவரை என்றும், ஒயர்மேன் பயிற்சிக்கு எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்பதில்லை. கல்விக் கடன் தேவைப்பட்டால் திறன் பயிற்சிக்குக் கொடுப்பது பி.டி.பி.கே; டிப்ளோமா, டிகிரிக்குக் கொடுப்பது பி.டி.பி.டி.என்.